ஐந்து புள்ளிக் கழிவு

பெரிய பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் படிக்கட்டுக்கும் நடுவே
வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தால்
இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் குறுக்கே நிற்கும்.
கிட்ட இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி கழிப்பார்கள்.
கொட்டாஞ்சேனையில் குடியேறிய நாளிலிருந்து
எனக்கு அது அவ்வளவுதான்:
மதிலும் மணிச்சத்தமும் உள்ள
ஓர் ஐந்து புள்ளிக் கழிவு.

கரண்ட் பில், தண்ணீர் பில், வாக்காளர் இடாப்பு,
கிராம சேவகரின் கையெழுத்து,
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்
குழந்தையைப் போலத் தூக்கித் திரிந்தேன்.
சொந்த வீடா என்று கேட்டார்கள்.
வாடகை என்றேன். அதற்கும் கழிவு.
பட்டியல் ஒட்டிய அன்று
மிதுஷியின் பெயரை மூன்று தரம் தேடினேன்,
ஏதோ எழுத்துப்பிழையில் ஒளிந்திருக்கும் என்று.

"அங்கேயா சேர்க்கப் போறீங்க?
வேன் பிடிச்சாவது வேற இடம் பாருங்க."
புளோரன்ஸ் அக்கா வாசலைத் தாண்டி
உள்ளே போனதில்லையாம். கேட்டுப் பார்த்தேன்.

செட்டியார் தெரு நகைக்கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
பவுனை உரசிப் பார்க்கக் கல் இருக்கிறது.
பள்ளிக்கூடத்தை எதில் உரசுவது?
அரைநாள் லீவு போட்டேன். கொப்பியில் கோடடித்தேன்:
மலசலகூடம். வாங்கு மேசை. ஆசிரியர்.
புலமைப்பரிசில் எத்தனை பேர்.

இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே
அரைச்சுவர்தான்.
"நாலாறு?" என்று அந்தப் பக்கம் ரீச்சர் கேட்க
இந்தப் பக்கம் சுற்றாடல் பாடத்தில் இருந்த ஒரு பையன்
தலை நிமிராமல் "இருபத்திநாலு" என்றான்,
படத்தில் தவளைக்குப் பச்சை தீட்டிக்கொண்டே.
எழுதவில்லை. அதற்கு நிரல் இல்லை.

குழாயைத் திறந்தேன்.
ஒரு இருமல், பிறகு தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர்.
பேனையை எடுத்தேன்.
பக்கத்தில் போத்தலோடு நின்ற சிறுமி சொன்னாள்:
"கொஞ்சம் ஓட விடுங்க அன்ரி, நல்ல தண்ணி வரும்."
வெட்கம் இல்லை, முறைப்பாடு இல்லை.
வீட்டுக்கு வந்த ஆளுக்கு வழி சொல்வதுபோல.
வந்தது.
எங்கள் குசினிக் குழாயையும் விடியற்காலையில்
ஓட விட்டுத்தான் கேத்தலைப் பிடிக்கிறேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதிபர் பெனடிக்டா வரவுப் பதிவேட்டைத் தானே திறந்து வைத்தார்.
முதலாம் தரம்: பதினான்கு.
வாங்குகள் முப்பதுக்கு இருக்கின்றன.
"போன வருஷமும் ஒரு அம்மா வந்தா.
எல்லாம் பார்த்தா, கொப்பியில எழுதினா."
பிறகு, மேசையில் இல்லாத தூசியைத் தட்டியபடி,
"சொல்லுங்க மிஸிஸ் அருள்நேசன்,
உங்க பிள்ளைக்கு நாங்க காணுமா?"

கடையில் வாடிக்கையாளர் கேட்கிற கேள்விக்கெல்லாம்
பதில் வைத்திருப்பவள் நான்.
கொப்பியை மூடிக் கைப்பையில் வைத்தேன்,
களவெடுத்த பொருளை வைப்பதுபோல.

திரும்பி வர முன்னூற்றுப் பன்னிரண்டு எட்டு.
பெரிய ரோட்டைக் கடக்கவே தேவையில்லை.
"ஊஞ்சல் இருக்கா அம்மா?"
"சங்கிலி இருக்கு."
"பலகை?"
"கேட்க மறந்திட்டன்."
"மறக்கிறதையா கேட்கப் போனீங்க?" என்று சிரித்தாள்.

இரவு டோஹாவிலிருந்து அவர்:
மேன்முறையீடு போடு, மச்சான் ஒருவனுக்கு ஆளைத் தெரியும்.
பத்திரத்தை விரித்தேன்.
அண்மையிலுள்ள பாடசாலையை விரும்பாமைக்கான காரணம்,
கீழே மூன்று கோடு.
'குழாயில்' என்று தொடங்கினேன்.

மேல்மாடிப் பிள்ளைகளுக்கு
நாளைக்கும் ஐந்தே முக்காலுக்கு வேன் வரும்,
ஹோர்ன் அடிக்கும், ஒழுங்கை முழுக்க எழும்பும்.
மிதுஷி தூக்கத்தில் புரண்டு
நாலாறு, நாலாறு என்கிறாளா,
இல்லை, எனக்குத்தான் கேட்கிறதா.

ஒரு சொல்லோடு பத்திரம்
மேசையில் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.